பழைய தட்டில் பாடியவர் பெயர் என்ன?

நம் பெங்களூரில் ஆடி மாதம் பிறந்துவிட்டதா என்று அறிய நாட்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கம் காலையில் ஒரு நடை போய் வந்தால் போதும். கூழ் ஊற்றும் கோயில்களின் ஒலிபெருக்கிகளே சொல்லிவிடும். ஒரு தெருவில் எல்.ஆர். ஈஸ்வரி அவர்களின் மாரியம்மன் பாடல்கள். ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டால் அடுத்த தெருவில் பெங்களூர் ஏ.ஆர். ரமணியம்மாளின் முருகன் பாடல்கள்.

இந்தப் பாட்டுகள் எத்தனை பிறவி எடுத்துவிட்டன என்று எண்ணிப் பாருங்கள். முதலில் எச்.எம்.வி. இசைத்தட்டு. பிறகு கேசட். அதன்பின் குறுந்தகடு. இன்று பேரப்பிள்ளைகளின் செல்போனுக்குள் குடியேறிவிட்டன. எச்.எம்.வி. கம்பெனி 2000-ல் சரிகமா என்று பெயர் மாறியது. தன் பழைய சேமிப்பை ஒவ்வொன்றாக மறுபடியும் வெளியிட்டு வருகிறது. 2017-ல் அந்தக் கம்பெனி கொண்டுவந்த 'கார்வான்' என்ற பெட்டி, பார்ப்பதற்குப் பழைய டிரான்சிஸ்டர் போலவே இருந்ததால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே பிடித்துப்போனது. நம் ஊர்க்காரரான வரலாற்றாசிரியர் விக்ரம் சம்பத் நிறுவிய 'ஆர்க்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக்' என்ற அமைப்பு, பழைய கிராமபோன் தட்டுகளைச் சேகரித்து, கணினிக்கு மாற்றி, யாரும் இலவசமாகக் கேட்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது.

இதெல்லாம் மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் நாட்டுப்புறப் பாட்டு என்று வரும்போது மட்டும் எனக்கு ஒரு குறை உண்டு. பாட்டு திரும்பி வருகிறது. பாடியவரின் பெயரும் ஊரும் பல நேரங்களில் திரும்பி வருவதில்லை. இது சிறிய விஷயம் அல்ல என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ரமணியம்மாளையே எடுத்துக்கொள்வோம். கச்சேரி மேடையைவிடக் காவடிக்கும் பஜனைக்கும் நெருக்கமான பாணி அவருடையது. நடந்துகொண்டே பாடலாம், கூட்டமாகப் பின்பாட்டுப் பாடலாம். குன்றத்துக் குமரனின் கொண்டாட்டத்தை அவர் பாடியதைக் கேளாத தமிழர் குறைவு. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தைப்பூசத்தன்று அவர் பாட்டைக் கேட்பவர்கள் பாடகியின் பெயரைச் சொல்லும்போதே நம் ஊர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். அவர் கொடுத்து வைத்தவர். அவரைப் போல் பெயரும் ஊரும் பாட்டோடு ஒட்டிக்கொண்டு போகும் பாக்கியம் எத்தனை நாட்டுப்புறக் கலைஞர்களுக்குக் கிடைத்தது?

அரக்கில் அடைத்த குரல்

இந்தியாவில் முதன்முதலாகப் பெரிய அளவில் இசைத்தட்டுப் பதிவு நடந்தது 1902-ல், கல்கத்தாவில். கெய்ஸ்பர்க் என்ற நிபுணர் கருவிகளோடு கப்பலில் வந்தார். கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகி பாடினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். ஏன் தெரியுமா? மூலப்பதிவு ஜெர்மனியில் உள்ள ஹானோவருக்குப் போய்த்தான் தட்டாக அச்சாகும். அங்கே இருப்பவர்களுக்கு நம் மொழியும் தெரியாது, நம் பாடகர்களையும் தெரியாது. எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்று அவர்கள் தடுமாறாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அதனால் நூறாண்டு கழிந்து லேபிள் கிழிந்துபோன தட்டு கிடைத்தாலும், பாடியவர் யார் என்று தட்டே சொல்லிவிடுகிறது! அந்தக் கௌஹர் ஜான் கடைசிக் காலத்தில் மைசூர் அரண்மனைக் கலைஞராக வந்து சேர்ந்து, 1930-ல் மைசூரிலேயே காலமானார் என்பது நம் மாநிலத்தோடு அவருக்கு உள்ள தொடர்பு. அவர் வரலாற்றை விக்ரம் சம்பத் 2010-ல் நூலாக எழுதினார்; நூலின் தலைப்பே அவர் தட்டில் சொன்ன அந்த வாசகம்தான்.

அந்தக் காலத் தட்டுகள் பிளாஸ்டிக் அல்ல. அரக்கும் கல்தூளும் கலந்து அழுத்தியவை. அரக்கு நம் நாட்டு மரங்களில் பூச்சி உண்டாக்கும் பிசின். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். இந்த மூன்று நிமிடக் கணக்குதான் நம் இசையின் தலையெழுத்தையே மாற்றியது. வித்வான்கள் ஆலாபனையைச் சுருக்கினார்கள். நாடகக்காரர்கள் வசனத்தை வெட்டினார்கள். நாட்டுப்பாட்டின் கதி என்ன? வேலை தீரும் வரை நீள்வதுதான் நடவுப்பாட்டின் இலக்கணம். குழந்தை தூங்கும் வரை நீள்வது தாலாட்டு. அவற்றை மூன்று நிமிடத்தில் நிறுத்தினால், பானைச் சோற்றில் ஒரு பருக்கையைத்தான் பதம் பார்த்தோம் என்று பொருள்.

என் மாமியாரை வீட்டில் எல்லோரும் அத்தை என்றே அழைப்போம். வந்தவாசிப் பக்கத்து ஊர். திருமணமாகி வந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பெங்களூரில் இருந்தும் ஊர்ப்பேச்சு மாறாதவர். ஒருநாள் என் மகள் செல்போனில் ஏதோ பழைய நடவுப்பாட்டை வைத்தாள். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் நிமிர்ந்து பார்த்து, "இன்னாடி இது? பாதி கழனிகூட நடல, அதுக்குள்ள கரையேறிட்டாளுங்களே!" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து தானே பாடத் தொடங்கினார். கால் மணி நேரம் போயிற்று. இடையிடையே நிறுத்தி, "இங்க மத்தவங்க திருப்பிப் பாடணும், நீங்க வாய மூடிக்கினு இருந்தா நான் இன்னா பண்றது?" என்று எங்களையும் பாட வைத்தார்.

மறுவெளியீட்டின் பெரிய பயன் இதுதான் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. தட்டில் இருப்பது முழுப் பாட்டு அல்ல. ஆனால் அது பெரியவர்களின் நெஞ்சுப் பெட்டியைத் திறக்கும் சாவி.

கேசட் கொண்டுவந்த கிராமம்

1980-களில் கேசட் வந்தபோது நிலைமை மாறியது. தட்டு அச்சிடப் பெரிய தொழிற்சாலை வேண்டும். கேசட் பதிய ஒரு சிறிய அறை போதும். பெரிய கம்பெனி கூப்பிட்டால்தான் பாடலாம் என்ற நிலை போய், சிற்றூர்க் கலைஞர்களும் கடைவீதிக்கு வந்தார்கள். மதுரையிலிருந்து விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவர் நவநீதகிருஷ்ணனும் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த பாடல்களை மேடையிலும் கேசட்டிலும் பரப்பினார்கள். அந்த அம்மையாருக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பேராசிரியர் கே.ஏ. குணசேகரன் 'தன்னானே' குழுவோடு ஒடுக்கப்பட்ட மக்களின் குரலை மேடையேற்றினார். அவர் 2016-ல் மறைந்தார். புஷ்பவனம் குப்புசாமி, அனிதா குப்புசாமி தம்பதியரின் கேசட்டுகள் ஓடாத பேருந்து உண்டா?

சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி அம்மாளை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். வானொலியில் பாடினார். 1985-ல் 'ஆண் பாவம்' படத்தில் நடித்தும் பாடியும் தமிழ்நாடு முழுவதும் தெரிந்த முகமானார். 1993-ல் கலைமாமணி ஆனார். 2025-ல், நூறை நெருங்கிய வயதில் காலமானார். அவர் பெயரில் ஊர் இருக்கிறது. அதனால் அவர் பாட்டு எந்த மண்ணில் முளைத்தது என்று நாளைக்கும் தெரியும்.

ஆனால் அதே கேசட்டுகளில் பின்பாட்டுப் பாடிய பெண்கள் யார்? பறையும் உறுமியும் வாசித்தவர்கள் எந்த ஊர்? பாட்டைச் சொல்லிக்கொடுத்த கிழவி யார்? கேசட் அட்டையில் சில வரிகளாவது இருந்தன. செல்போனுக்கு வந்தபோது பல இடங்களில் அந்த அட்டையும் போய்விட்டது. 'நாட்டுப்புறப் பாடல்' என்ற ஒரே பெயரில் எல்லாம் அடங்கிவிட்டன. நாட்டுப்பாட்டுக்கு ஆசிரியர் இல்லை என்கிறோம். சரி. பாடியவர் கூடவா இல்லை?

ஊர்ப் பெயர் காட்டிய வழி

பெயரும் ஊரும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் அருமையான உதாரணம் உண்டு. ஹாரி ஸ்மித் என்பவர் தாம் சேகரித்த பழைய கிராமியத் தட்டுகளிலிருந்து 84 பாடல்களைத் தேர்ந்தெடுத்தார். 1952-ல் ஃபோக்வேஸ் கம்பெனி அவற்றை ஆறு எல்.பி. ரிக்கார்டுகளாக மறுபதிப்புச் செய்தது. கூடவே ஒரு சிறு புத்தகம்: யார் பாடியது, எப்போது பதிவானது என்ற குறிப்புகளோடு. அந்த 84-ல் இரண்டு பாடல்கள் மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற கறுப்பினப் பாடகருடையவை. 1928-ல் சில தட்டுகள் பதிவு செய்துவிட்டு, அவை விற்காததால் ஊருக்குத் திரும்பிப் பண்ணை வேலை பார்த்தவர். மறுபதிப்பைக் கேட்டவர்கள் அவர் இறந்திருப்பார் என்றே நினைத்தார்கள்.

அவருடைய வேறொரு 1928-ஆம் ஆண்டுத் தட்டில் தன் ஊர் அவலான் என்று பாடியிருந்தார். 1963-ல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, மிசிசிப்பி மாநிலத்தில் அவலான் என்ற சிற்றூரைத் தேடிப் போனார். ஹர்ட் அங்கேதான் இருந்தார். எழுபதை ஒட்டிய வயது. அதே ஆண்டு நியூபோர்ட் இசைவிழாவில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். 1966-ல் இறக்கும்வரை மூன்றாண்டு காலம் உரிய மரியாதையோடு வாழ்ந்தார். ஒரு பெயர், ஓர் ஊர், அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அந்த ஃபோக்வேஸ் கம்பெனியை 1987-ல் ஸ்மித்சோனியன் நிறுவனம் ஏற்றபோது, வெளியான 2000-க்கும் மேற்பட்ட தட்டுகளில் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகக் கூடாது என்பது நிபந்தனை. ஹாரி ஸ்மித்தின் தொகுப்பு 1997-ல் குறுந்தகடாக வந்தது, குறிப்புப் புத்தகத்தோடு. விற்குமா விற்காதா என்பது அங்கே இரண்டாவது கேள்வி.

கிராமத்துக்குத் திரும்பிய பதிவு

நம் பக்கமும் அப்படி ஒன்று நடந்தது. ஆர்னால்ட் பேக் என்ற டச்சுக்கார அறிஞர் 1938-ல் தென்னிந்தியாவில் சுற்றி, கோயில் சடங்கு, கூத்து, கிராமியப் பாட்டு என்று பலவற்றைப் பதிவு செய்தார். பதிவுகள் மேல்நாட்டு ஆவணக் காப்பகங்களில் போய் உறங்கின. அவரிடம் படித்த நசீர் ஜெய்ராஜ்பாய், ஏமி காட்லின் என்ற அறிஞரோடு சேர்ந்து, 1984-ல் அந்தப் பதிவுகளின் பிரதிகளைச் சுமந்துகொண்டு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் அதே ஊர்களைத் தேடிப் போனார். பாடியவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் விசாரித்தார்கள். பழைய பதிவைப் போட்டுக் காட்டி, எது நிலைத்தது, எது மாறியது, எது மறைந்தது என்று குறித்தார்கள்.

அவர்களால் எப்படி முடிந்தது? பேக் எங்கே பதிவு செய்தேன் என்று எழுதி வைத்திருந்தார். ஊர் பெயர் இல்லாவிட்டால் அந்தப் பதிவுகள் வெறும் சத்தம்தான். ஜெய்ராஜ்பாய் துணைநின்று 1982-ல் அமைந்த இசை ஆவணக் காப்பகம், அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் கீழ் குருகிராமில் இயங்குகிறது. வெளிநாட்டுக்குப் போன நம் பதிவுகளின் பிரதிகளை இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுவருவது அதன் நோக்கங்களில் ஒன்று.

பக்கத்து வீட்டு அஜ்ஜி

அத்தை பாடத் தொடங்கிய பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு புது ரசிகை வந்தார். பக்கத்து வீட்டுக் கன்னட அஜ்ஜி. ஹாசன் பக்கம். அத்தையின் பாட்டைச் சுவருக்கு அப்பால் கேட்டுவிட்டு, "நம்மல்லூ இதே" என்று வந்து உட்கார்ந்தார். 'எங்களிடமும் இது உண்டு' என்றுதான் சொன்னார். ராகிக் கல் சுற்றும்போது பெண்கள் பாடும் 'பீசுவ பத' என்ற பாட்டு. மூன்றடியில் அமைவது. சர்வக்ஞர் வசனங்களும் அதே திரிபதி யாப்புதான் என்று அஜ்ஜியின் மகன் விளக்கினார். 2009-ல் அல்சூரில் நம் வள்ளுவர் சிலையும் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையும் சில நாள் இடைவெளியில் திறக்கப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஈரடிக்காரரும் மூன்றடிக்காரரும் சிலையாக இடம் மாறிக்கொண்டார்கள். எங்கள் கூடத்தில் இரண்டு கிழவிகள் பாட்டாகவே மாற்றிக்கொண்டார்கள்!

கன்னடத்தில் இந்தத் துறையில் நாம் கற்க வேண்டியது நிறைய. பி. காளிங்கராவ் ஜனபதப் பாடல்களை அந்தக் காலத்திலேயே இசைத்தட்டில் பாடி வீடுதோறும் சேர்த்தார். எச்.எல். நாகேகௌடர் அரசுப் பணியில் இருந்துகொண்டே நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்தவர். 1979-ல் கர்நாடக ஜனபத பரிஷத்தையும், 1994-ல் மைசூர் சாலையில் ராமநகரத்தருகே 'ஜானபத லோக'வையும் அமைத்தார். பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துப் போங்கள். ஒரு மண்ணின் பாட்டை ஒரு தனிமனிதர் எவ்வளவு காக்க முடியும் என்பது கண்ணுக்குத் தெரியும்.

பூங்காவில் ஒப்பாரி

அத்தையின் பாட்டுகளை மகள் ஒவ்வொன்றாக செல்போனில் பதிவு செய்தாள். தாலாட்டு, நடவு, ஏற்றம், கும்மி, மாரியம்மன் வர்ணிப்பு என்று ஓடியது. ஒப்பாரி கேட்டபோது மட்டும் அத்தை எழுந்துவிட்டார். "எல்லாரும் நல்லா இருக்கற வூட்ல அத வாயத் தொறந்து பாடலாமாடி?" என்று கோபம். வற்புறுத்தவில்லை. ஒரு மாதம் கழித்து அவரே, "அந்த ஏரிக்கரைக்கு இட்டுக்கினு போ" என்றார். அல்சூர் ஏரிக்கரைப் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தன் தாய்க்குப் பாடிய ஒப்பாரியைப் பாடினார். தொடங்குமுன் தன் பெயர், தாயார் பெயர், ஊர், இன்னாருடைய மகள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் பாடினார். நாங்கள் சொல்லித் தரவில்லை. அவர் வழக்கம் அது. ஒப்பாரியில் உறவும் ஊரும் சொல்லாமல் அழ முடியாது.

அத்தை இன்று இல்லை. பதினான்கு பாட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அவர் பெயரும் ஊரும் இருக்கின்றன.

நாம் செய்யக்கூடியது

நம் வாசகர்களில் ஆர்க்காடு, தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், தஞ்சை என்று எல்லாப் பக்கத்தாரும் உண்டு. 2001-ல் தங்கவயல் சுரங்கம் மூடியபின் இங்கே வந்து சேர்ந்த குடும்பங்களும் உண்டு. எல்லார் வீட்டுப் பரணிலும் தட்டோ கேசட்டோ இருக்கும். அவர்களுக்குச் சில குறிப்புகள்:

அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். எல்.பி. ரிக்கார்டு ஊசியால் 78 தட்டைப் போட வேண்டாம். அதன் பள்ளம் அகலம், அதற்கு வேறு ஊசி. தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல் நிறுத்தி வையுங்கள்.

நெடுநாள் ஓடாத கேசட்டில் பூஞ்சணம் தெரிந்தால் வீட்டு டேப்ரிக்கார்டரில் போடாதீர்கள். மாற்றித் தருபவர்களிடம் கொடுங்கள். நல்ல நிலையில் இருந்தால், முதலில் ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் போடுங்கள். அட்டையைத் தூக்கி எறியாமல் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அதற்கு முந்திய தட்டுகளின் பதிவை யாரும் மறுவெளியீடு செய்யலாம். பாட்டெழுதியவர் உரிமை தனி. ஆகவே உங்களிடம் உள்ள தட்டு, வேறு யாரிடமும் இல்லாத ஒரே பிரதியாக இருந்தால், அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர வழி இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல், பெரியவர்கள் பாடும்போது பதிவு செய்யுங்கள். மேடை வேண்டாம், சுருதிப் பெட்டி வேண்டாம். குக்கர் சத்தம் கேட்டாலும் பரவாயில்லை. பாட்டுக்கு முன் ஐந்து கேள்விகள் கேளுங்கள்: உங்கள் பெயர் என்ன, எந்த ஊர், யாரிடம் கற்றீர்கள், எந்த வேலைக்கு அல்லது எந்தச் சடங்குக்குப் பாடுவது, கூட யார் பாடுவார்கள்? அந்தப் பதிலும் பாட்டோடு பதிவாகட்டும். கௌஹர் ஜான் 1902-ல் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் செல்போனில் கொஞ்சம் இடம் காலி செய்துகொண்டு போங்கள். பெரியம்மாவோ பாட்டியோ, "எனக்கு என்ன தெரியும்?" என்றுதான் முதலில் சொல்வார்கள். பழைய தட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருங்கள். அது நின்ற இடத்தில் அவர்கள் தொடங்குவார்கள்.